கீழே விழுந்த பிளக்

எலியேசரிடம் வண்டி விடுகிறவர்கள் இரண்டு விஷயங்களுக்குத் தயாராக வர வேண்டும். ஒன்று, சொன்ன நேரத்துக்கு வண்டி கிடைக்காது. இரண்டு, கிடைக்கும்போது கூடவே ஒரு பிரசங்கமும் கிடைக்கும். சேலையூர் கேம்ப் ரோட்டிலிருந்து பிரிகிற ஒரு சந்தில், மாவு மில்லுக்கும் ஜெராக்ஸ் கடைக்கும் நடுவே அவனுடைய டூவீலர் பட்டறை. மில் ஓடும்போது அவன் பேச்சு காதில் விழாது என்பதால் விவரம் தெரிந்தவர்கள் அந்த நேரம் பார்த்து வருவார்கள்.

அவனுக்குப் பிடித்த பிரசங்கம் ஸ்பார்க் பிளக்கைப் பற்றியது. "சுண்டு விரல் சைஸு சாமான்தானேன்னு நெனைக்காதீங்க. நுனியில ஒரு இடுக்கு கீது பாருங்க, அதுலதான் பொறி குதிக்கணும். இடுக்கு அகலமாயிட்டா பொறி குதிக்க முக்கும், லேட்டா வரும், வண்டி இழுக்காது. குறுகிப் போச்சுன்னா சீக்கிரம் வந்துடும், ஆனா தம்மாத்தூண்டு பொறி. பெட்ரோல் பத்திக்காது. வேகமாப் போறப்ப ஒண்ணும் தெரியாது. ஸ்லோ பண்ணீங்க, வண்டி ஆஃப்."

இடுக்கை அளக்க, கடையில் விற்கிற அளவுத் தகடு எதுவும் அவனிடம் இல்லை. இரும்பு அறுக்கும் ஆக்ஸா பிளேடு ஒன்று உடைந்தபோது அதன் பல்லைத் தேய்த்து, விரல் நீளத்துக்கு நறுக்கி, நூல் கட்டி, காலண்டர் ஆணியில் மாட்டி வைத்திருந்தான். அந்தத் துண்டு இடுக்கில் நுழையவும் வேண்டும், லேசாகப் பிடிக்கவும் வேண்டும். அதுதான் கணக்கு. புதுப் பிளக்கானாலும் அளப்பான். கை தவறிக் கீழே விழுந்த பிளக் என்றால் இரண்டு தடவை அளப்பான். "கம்பெனிக்காரன் அளந்துதான் அனுப்புறான். ஆனா தரைக்கு அளவு தெரியாதே சார்" என்பான். இப்படி ஊருக்கெல்லாம் சொன்ன வாய்தான் அது.

அந்தப் புதன்கிழமை காலையில் ஒரு குட்டியானை லோடு வண்டி சந்துக்குள் பின்பக்கமாக வந்து, லக்ஷ்மிநாராயணன் சாருடைய ஸ்கூட்டரை இறக்கிவிட்டுப் போனது. முன்சக்கரம் எட்டாக வளைந்திருந்தது. ஒரு பக்கம் முழுக்கச் சிராய்ப்பு. சார் அதன் பின்னாலேயே நடந்து வந்தார். டெலிபோன்ஸில் முப்பத்தைந்து வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பதினெட்டு வருஷமாக அவர் வீட்டு வண்டிகளை எலியேசர்தான் பார்க்கிறான். அவர் வீட்டுக்கு எப்போது போனாலும் காமு மாமி எவர்சில்வர் டம்ளரில் நுரை தளும்பக் காபி கொண்டுவந்து கொடுத்துவிட்டுத்தான் வண்டிச் சாவியைக் கொடுப்பாள்.

ஏழு வாரத்துக்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை சாயந்தரம் அவர்களுடைய ஒரே பிள்ளை ஸ்ரீவத்சன் இந்த ஸ்கூட்டரில் போனபோது, ராஜகீழ்ப்பாக்கத்தில் தண்ணி லாரி மோதி இறந்துபோனான். இருபத்தெட்டு வயது. யூ டர்ன் போடும்போது வண்டி நடு ரோட்டில் நின்றுவிட்டதாம். பையன் ஸ்டார்ட் பட்டனை அமுக்கிக்கொண்டே இருந்தான் என்று அங்கே இருந்த டீக்கடைக்காரர் சொன்னார். போலீஸும் பிரேக் இன்ஸ்பெக்டரும் பார்த்து முடித்து, வண்டியை இப்போதுதான் விட்டிருக்கிறார்கள்.

எலியேசர் ஸ்டூலைத் துடைத்துப் போட்டான். சார் உட்காரவில்லை.

"டேங்க்கைத் தொறந்து பாரு எலியேசர். பெட்ரோல் இருக்கான்னு சொல்லு. எனக்குப் பார்க்க தைரியம் வரலை."

"இப்ப எதுக்கு சார் அதெல்லாம்?"

"பாரேன், சொல்றேன்."

அந்த வண்டியில் பெட்ரோல் முள் ஆறு வருஷமாகச் செத்துக் கிடந்தது. எலியேசர் மூடியைத் திறந்து டார்ச் அடித்தான். காய்ந்த தகரமும் கொஞ்சம் வாசனையும்தான் இருந்தன. "காலி சார். ஆனா வண்டி சாஞ்சு கெடந்துச்சே, ஒழுகியிருக்கும்."

"ஒழுகித்தோ, இல்லாமலே இருந்துதோ, யார் கண்டா?" சாரின் குரல் தட்டையாக இருந்தது. "அன்னிக்குக் காலம்பற நான்தான் வண்டியை எடுத்துண்டு பல்லாவரம் சந்தைக்குப் போனேன். பங்க்ல கூட்டம். சாயந்தரம் போட்டுக்கலாம்னு வந்துட்டேன். வர்றச்சே ரெண்டு சிக்னல்ல நின்னு போச்சு. பெட்ரோல் தீரப் போறதுன்னு எனக்குத் தெரியும் எலியேசர். தெரிஞ்சும் அவன்கிட்ட சொல்ல மறந்தேன். மத்தியானம் படுத்துத் தூங்கிட்டேன். அவன் சாவியை எடுத்துண்டு போயிட்டான்."

எலியேசரின் கையில் டார்ச் எரிந்துகொண்டே இருந்தது. "சிக்னல்ல நின்னப்ப... ஆக்ஸிலேட்டர் குடுத்தா ஓடிச்சா சார்?"

"குடுத்தா நன்னா ஓடித்து. விட்டா நின்னுது. அதுக்கென்ன இப்போ?"

எலியேசர் டார்ச்சை அணைத்தான். பெட்ரோல் தீருகிற வண்டி அப்படி நிற்காது. முறுக்க முறுக்கத்தான் மூச்சு வாங்கும். விட்டால் நின்று, முறுக்கினால் ஓடுகிற வண்டிக்கு வியாதி வேறு. அதைத்தானே அவன் பதினெட்டு வருஷமாகப் பிரசங்கம் செய்கிறான்?

சார் தன்பாட்டுக்குப் பேசிக்கொண்டிருந்தார். "பதிமூணாம் நாள் காரியம் முடிஞ்சு எல்லாரும் கெளம்பினப்புறம் காமுகிட்ட சொன்னேன். மனசுல வச்சிண்டிருக்க முடியலை. அன்னிலேர்ந்து அவ என்னோட பேசறதில்லை. தட்டு வைப்பா, மாத்திரை எடுத்து வைப்பா. ஒரு வார்த்தை கிடையாது. இன்னியோட முப்பத்தஞ்சு நாள்." கைக்குட்டையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "நியாயம்தான். தப்பு என்மேல. நீ இந்த வண்டியைக் காயலான் கடையில போட்டுடு. என் கண்ணுல படக் கூடாது."

சொல்லிவிட்டு நடந்தார். சந்து முனையில் ஒரு மாடு வழி மறித்து நின்றது. அதை விரட்டக்கூட அவருக்குத் தோன்றவில்லை. அது நகருகிறவரை நின்றுவிட்டுப் போனார்.

அவர் போன பிறகும் வெகுநேரம் எலியேசர் வண்டியைத் தொடவில்லை. தொட்டால் தெரிந்துவிடும். தெரிந்துகொள்ளாமலே குட்டியானையைத் திரும்பக் கூப்பிட்டுக் காயலான் கடைக்கு அனுப்பிவிடலாம். சாரே சொல்லிவிட்டார். யார் கேட்கப் போகிறார்கள்? பிரேக் நன்றாக இருந்தது என்று இன்ஸ்பெக்டரே எழுதிக் கொடுத்தாகிவிட்டது. கடைசியில் அவனுடைய கை, பழக்கதோஷத்தில், பிளக் ஸ்பானரைத் தேடி எடுத்தது.

பிளக் புதுசு. அந்த வெள்ளிக்கு முந்தின நாள் அவனே போட்டது. நுனியில் கரி அப்பியிருந்தது. துடைத்துவிட்டு, ஆணியிலிருந்து பிளேடு துண்டை எடுத்து இடுக்கில் வைத்தான். நுழையவில்லை. திருப்பி வைத்துப் பார்த்தான். நுழையவில்லை. காலண்டர் தாளில் ஒரு ஓரத்தைக் கிழித்துச் செருகினான். தாள் மட்டும் போயிற்று.

தரையிலேயே உட்கார்ந்துவிட்டான்.

அந்த வியாழக்கிழமை அவனுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. மறக்கிற மாதிரியான சாயந்தரமா அது? ஸ்ரீவத்சன் இதே ஸ்டூலில் உட்கார்ந்திருந்தான். நிலைகொள்ளாமல் இரண்டு தடவை எழுந்து உட்கார்ந்தான். "அண்ணா, ஒண்ணு காட்டறேன், யார்கிட்டயும் சொல்லக் கூடாது" என்று போனை நீட்டினான். திருநீர்மலைப் படியில் எடுத்த போட்டோ. காற்றில் பறக்கிற தலைமுடியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு ஒரு பெண் சிரித்துக்கொண்டிருந்தாள். பெயர் சின்மயி, கூட வேலை பார்க்கிறவள். "வீட்டுக்கு இன்னும் தெரியாதுண்ணா. நாளைக்குச் சாயந்தரம் போய் நேர்லயே அழைச்சுண்டு வந்து அம்மா முன்னாடி நிறுத்தப் போறேன்." பத்து வயதில், அப்பாவுக்கு முன்னால் ஸ்கூட்டரில் நின்றுகொண்டு இந்தப் பட்டறைக்கு வந்த பையன் இவன். எலியேசருக்கு வாயெல்லாம் பல். போட்டோவைக் கிட்டத்தில் பார்க்கக் குனிந்தான். கையில் இருந்த பிளக் நழுவி, நுனி குத்த சிமெண்ட் தரையில் விழுந்தது.

எடுத்தான். பேண்டில் துடைத்தான். காலண்டர் ஆணி மூன்றடி தள்ளி இருந்தது. அவன் கண் போனிலேயே இருந்தது. "ஜோடி சூப்பரா கீதுப்பா" என்று சொல்லிக்கொண்டே பிளக்கைத் திருகிவிட்டான். வண்டியைக் கிளப்பி இரண்டு முறை உறுமவிட்டுப் பார்த்தான். மெதுவாக ஓடவிட்டுப் பார்க்கவில்லை. அந்த மூன்றடியை அவன் நடக்கவில்லை, அவ்வளவுதான்.

சாவு வீட்டில் அந்தப் பெண்ணை அவன் பார்த்தான். ஆபீஸ்காரர்களோடு வந்து, கூட்டத்தில் மூன்றாவது வரிசையில் நின்றாள். அவள் யார் என்று அங்கே அவனுக்கு மட்டும்தான் தெரியும். அழக்கூட உரிமை இல்லாதவளைப் போல உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். பையனுக்குக் கொடுத்த வாக்கு என்று அவன் வாயைத் திறக்கவில்லை.

அந்தப் பிளக்கை அளந்ததற்கு மறுநாள் பட்டறையில் பிரசங்கம் இல்லை. ஒரு பால்காரருடைய பைக்குக்குப் பிளக் மாற்றினான். ஐந்து தடவை அளந்தான். "இன்னா எலியேசரு, தொண்டை கட்டிக்கிச்சா?" என்று அவர் கேட்டதற்குத் தலையை மட்டும் ஆட்டினான்.

சாயந்தரம் இரும்புலியூர் வீட்டில் அவன் மனைவி ஹெப்சி முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். பால்வாடியில் டீச்சராக இருக்கிறவள். அவனை அளந்து வைத்திருப்பவள். பக்கத்தில் உட்கார்ந்து அவனும் நாலு காம்பை உருவினான். உருவிக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னான்.

அவள் கை நின்றது. "யாருக்குனா தெரியுமா?"

"தெரியாது."

"அப்ப வுட்டுடு. சொல்லி இன்னா ஆவப்போவுது? புள்ள திரும்பி வந்துருவானா? நம்ம கடைக்கு நாளைக்கு ஒருத்தன் வண்டி வுடுவானா? போலீசு கீலீசுன்னு போயிட்டா இன்னா பண்ணுவே?"

"அந்தம்மா சாரோட பேசறதில்ல ஹெப்சி. முப்பத்தாறு நாளா."

"பேசறதில்லன்னா?"

"ஒரு வார்த்தை பேசறதில்ல. பெட்ரோல் போடாததாலதான் புள்ள போச்சுன்னு. சாரும் அப்படித்தான் நெனைச்சிக்கினு கீறாரு."

ஹெப்சி முறத்தை இழுத்து வைத்துக்கொண்டாள். கீரையை முழுக்க ஆய்ந்து முடித்தாள். ஆய்ந்த கீரையிலேயே மறுபடி காம்பு தேடினாள். வெள்ளிக்கிழமை காலையில் அவன் குளித்துவிட்டு வந்தபோது, பட்டறைச் சட்டை கொடியிலேயே கிடந்தது. சர்ச்சுக்குப் போட்டுப் போகிற வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டுக் கட்டில் மேல் வைத்திருந்தாள்.

கதவைத் திறந்தது காமு மாமி. பாதியாக இளைத்திருந்தாள். அவனைப் பார்த்தாள், வெள்ளைச் சட்டையைப் பார்த்தாள், தலையை லேசாக அசைத்துவிட்டுச் சமையலறைக்குள் போய்விட்டாள். பாத்திரம் நகரும் சத்தம் கேட்டது. காபிக்காகத்தான் இருக்கும்.

கூடத்தில் ஸ்ரீவத்சனுடைய படத்துக்கு முன்னால் விளக்கு எரிந்தது. சார் நாற்காலியில், பிரிக்காத பேப்பரை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"வண்டியைப் போட்டுட்டியா?"

"இல்ல சார்." அவன் தரையில் உட்கார்ந்தான். கைக்குட்டையை அவிழ்த்து, பிளக்கையும் பிளேடு துண்டையும் அந்தப் பேப்பர் மேல் வைத்தான். "அது பெட்ரோல் இல்ல சார். இது."

சார் புரியாமல் பார்த்தார்.

"அந்தத் துண்டை எடுத்து பிளக் இடுக்குல வுட்டுப் பாருங்க."

டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ரிலே முனைகளின் இடைவெளியைத் தகடு விட்டுப் பார்த்தே கண்ணாடி போட்டவர் அவர். விரலுக்கு அந்த வேலை மறக்கவில்லை. வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து, துண்டை மெல்ல நகர்த்தினார்.

"போகலையே."

"போகாது சார். போவணும். அதனாலதான் சிக்னல்ல நின்னுச்சு. முறுக்கினா ஓடிச்சு, வுட்டா நின்னுச்சுன்னு நீங்களே சொன்னீங்க. பெட்ரோல் தீந்துபோனா அப்படி இருக்காது. பொறி சின்னதாப் போனாதான் அப்படி. அங்க யூ டர்ன்ல தம்பி ஸ்லோ பண்ணியிருப்பாரு. ஆஃப் ஆயிருக்கும்."

சார் பிளக்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு அவனைப் பார்த்தார். "என் மனசு ஆறணும்னு சொல்றியா எலியேசர்? லாரி மோதினதுல நசுங்கியிருக்கலாமோல்லியோ?"

தப்பித்துக்கொள்ள அவர் கதவையே திறந்து வைத்தார். அதில் நுழைந்து வெளியே போய்விட எவ்வளவு நேரம் ஆகும்? எலியேசர் சமையலறைப் பக்கம் ஒரு தடவை பார்த்தான். "இது இன்ஜினுக்கு உள்ள இருக்கிற நுனி சார். லாரி இதைத் தொடவே முடியாது. என் கை மட்டும்தான் தொட்டுது. போடறப்ப கீழ வுட்டுட்டேன். அளக்காம மாட்டிட்டேன்."

"நீயா?"

பிரசங்கத்தைப் பதினெட்டு வருஷம் கேட்டவர் அவர். அந்த ஒரு சொல் போதுமாக இருந்தது. எலியேசர் கையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதான். ஆம்பிளை, அதுவும் அடுத்தவர் வீட்டில், என்றெல்லாம் அவனுக்குத் தோன்றவில்லை. "ஸ்டேஷன்ல சொல்லணும்னா நானே வந்து சொல்றேன் சார். நீங்க இன்னா சொன்னாலும் சரி. நீங்க பண்ண தப்பு இதுல ஒண்ணுமே இல்ல."

"ஏன் அளக்கலை?" சார் கத்தவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்கிற மாதிரிக் கேட்டார். "ஊர்ல இருக்கிற பிளக்கையெல்லாம் அளக்கறவன், அதை ஏன் அளக்கலை?"

"தம்பி ஒரு போட்டோ காட்டினாரு. பாத்துக்கினே மாட்டிட்டேன் சார்."

சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றிருந்தது. எப்போது நின்றது என்று இருவருக்கும் தெரியாது.

"என்ன போட்டோன்னு கேளுங்கோ."

சார் தூக்கிவாரிப்போட நாற்காலியில் நிமிர்ந்தார். மாமி நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எலியேசரை அவள் பார்க்கவில்லை. கண் கணவர் மேல் இருந்தது. அவரிடம்தான் சொன்னாள். முப்பத்தேழு நாளுக்குப் பிறகு அவரிடம் அவள் சொன்ன முதல் வார்த்தை அது. சார் எலியேசர் பக்கம் திரும்பினார்.

எலியேசரே சொன்னான். திருநீர்மலைப் படி, காற்று, சின்மயி என்கிற பெயர், எல்லாம். "அன்னிக்குச் சாயந்தரம் அந்தப் பொண்ணைக் கூட்டிக்கினு வந்து உங்க முன்னாடி நிறுத்தணும்னுதான் கெளம்பினாரு மாமி. சாவுக்கு வந்திருந்துச்சு. மூணாவது வரிசையில, நீல சுடிதார். உங்களுக்குத் தெரியாது."

மாமி வாயை முந்தானையால் பொத்திக்கொண்டாள். அந்தக் கூட்டத்தில் நீல சுடிதாரைத் தேடுகிறவளைப் போலக் கொஞ்ச நேரம் எங்கேயோ பார்த்தாள். அந்தப் பெண்ணுக்கு அன்று ஒரு வாய் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை என்பது அவளுக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும்.

"அவன் சிரிச்சிண்டு இருந்தானான்னு கேளுங்கோ" என்றாள், மறுபடியும் கணவரிடமே.

"ஆமா மாமி. வாயெல்லாம் பல்லா சிரிச்சிக்கினே இருந்தாரு. நான் அப்படிப் பாத்ததே இல்ல."

மாமி படத்துக்கு முன்னால் வந்து நின்றாள். பிறகு நடந்து வந்து, கணவருடைய நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். அவர் முழங்காலில் அவள் கை பட்டதும் அவர் உடைந்துபோனார். ஏழு வாரமாக அடக்கி வைத்த அழுகை, சின்னப் பிள்ளை அழுகிற மாதிரி வந்தது. அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். பேப்பர் சரிந்து, பிளக் உருண்டு எலியேசரின் காலடிக்கு வந்தது. அவன் எடுக்கக் கை நீட்டினான்.

"அதை விட்டுட்டு அவரைப் போகச் சொல்லுங்கோ" என்றாள் மாமி. குரல் உயரவில்லை. "எனக்கு அவர்மேல கோபப்படக்கூடத் தெம்பு இல்லை. இனிமே இந்த ஆத்துக்கு வர வேண்டாம்னு சொல்லுங்கோ."

சார் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவையும் இருக்கவில்லை. எலியேசர் கைகூப்பினான். அதை யாரும் பார்க்கவில்லை.

வெளியே வந்து செருப்பை மாட்டும்போது சமையலறையில் பால் பொங்கி அடுப்பில் வழிகிற வாசனை வந்தது. உள்ளே மாமியின் குரல் கேட்டது. "போங்கோ, அடுப்பை அணைச்சுட்டு வாங்கோ." சாரின் குரல் கரகரத்து ஏதோ கேட்டது. மறுபடி மாமியின் குரல். சாவு நாளை விட்டால், பதினெட்டு வருஷத்தில் அந்த வீட்டிலிருந்து காபி குடிக்காமல் அவன் கிளம்பியது அன்றைக்குத்தான். இனிமேல் குடிக்கப் போவதும் இல்லை.

வாசல் கேட்டுக்கு எண்ணெய் விட வேண்டும், எப்போதும் கிறீச்சிடும். அவன் இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துச் சத்தம் வராமல் சாத்தினான். உள்ளே அவர்கள் இரண்டு பேரும் பேசிக்கொண்டிருந்தார்கள்.